கட்டுரையில் ‘நான்’

பேராக் ஆறு மலாக்கா நீரிணையோடு கலக்கும் கழிமுகத்தில் அமைந்தது பாகான் டத்தோ. ‘பாகான்’ என்னும் மலாய்ச் சொல் படகு வந்தடையும் துறையைக் குறிக்கும். நெடுங்காலம் கீழ்ப்பேராக் மாவட்டத்துள் அடங்கியிருந்த இப்பகுதி 2017ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. பேராக்கின் உள்நாட்டுப் பகுதிகளில் ஈயமும் பால்மரமும் பேச்சாக இருந்த நாளில், இக்கடலோரத்தில் தென்னையே பேச்சாக இருந்தது. களிமண் நிலத்தில் கரை கட்டி, வடிகால் வெட்டி, உப்புநீரைப் புறத்தே நிறுத்தித் தென்னை வைத்தனர். அவ்வேலையில் தமிழர் கை பெரிது. பின்னாளில் பல இடங்களில் தென்னையின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. எனினும் பாகான் டத்தோ என்றவுடன் தேங்காயை நினைப்போர் பேராக்கில் இன்றும் உளர்.

அவ்வூர்ப் பிள்ளை ஒருவனிடம் ‘தென்னையின் பயன்கள்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் அவன் என்ன எழுதுவான்? தென்னையின் வேர் முதல் ஓலை வரை எல்லாம் பயன்படும் என்று தொடங்குவான். இளநீர் தாகம் தணிக்கும், நார் கயிறாகும், ஓலை கூரையாகும், ஈர்க்கு விளக்குமாறாகும் என்று அடுக்குவான். ஆதலால் தென்னையைப் போற்றிக் காப்போமாக என்று முடிப்பான். பிழையில்லாத கட்டுரைதான், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆயின், அதே கட்டுரையைக் கோவையில் ஒரு பிள்ளையும் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையும் தென்னையைக் கண்ணாற் காணாத நகரத்துப் பிள்ளையும் எழுதிவிட முடியும். பாகான் டத்தோப் பிள்ளைக்கு மட்டும் தெரிந்தது எதுவும் அதில் இல்லை. இரவில் காய் விழும் ஓசை எத்தகையது, கொப்பரை காயும் புகையின் மணம் சட்டையில் எத்தனை நாள் நிற்கும், காயைக் காதருகே ஆட்டிப் பார்த்துக் கறிக்கு ஆகுமா எண்ணெய்க்கு ஆகுமா என்று பாட்டி எவ்வாறு சொல்கிறாள் என்பன இல்லை. கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் தேங்காய்ப்பால் போதும் என்று தாயும், துருவிப் பிழிந்த பாலின்றி மீன்குழம்பு குழம்பாகாது என்று பாட்டியும் அடுக்களையில் நடத்தும் வழக்கும் இல்லை; அவ்வழக்கில் பிள்ளை யார் பக்கம் என்பதும் இல்லை.

இது பிள்ளையின் குறை அன்று. அன்றாட வாழ்வில் தோன்றும் தன் கருத்தும் தன் சுவையும் எழுதத்தக்க பொருள் ஆகா என்னும் எண்ணம் தமிழ்க் கட்டுரைப் பயிற்சியில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் தமிழ் மரபுக்கு உரியதா, அதனால் விளைந்த இழப்பு யாது என்பன ஆராயத்தக்கவை.

பழம்பாட்டில் தன்கூற்று

மரபைத் தொடக்கத்திலிருந்தே பார்க்கலாம். தொல்காப்பியர் செய்யுளியலில் உரைநடையை நான்காக வகுக்கிறார். நான்காவதாக அவர் வைப்பது பொருளோடு பொருந்திய நகைமொழி. அறிவுரையும் இலக்கண விளக்கமுமே உரைநடை என்று அவர் கொள்ளவில்லை என்பதற்கு இது போதிய சான்று.

புறநானூற்றைப் போர்ப்பாட்டுத் தொகுதி என்று மட்டும் கருதுவோர் அதன் 191ஆம் பாட்டை மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று. ஆண்டு பலவாகியும் நரையில்லாதிருப்பது எப்படி என்று கேட்டோர்க்குப் பிசிராந்தையார் விடை கூறுகிறார். மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர், ஏவலர் தம் கருத்தறிந்து நடப்பவர், அரசன் தீமை செய்யாது காப்பவன், இவற்றுக்கெல்லாம் மேலாக, ஊரில் அடங்கிய சான்றோர் பலர் உளர் என்பதே அவர் விடை. கேள்வி மிகச் சிறியது; தலைமயிர் பற்றியது. விடையோ வீட்டில் தொடங்கி ஊரில் முடிகிறது. நரைக்குக் காரணம் கவலை, கவலையின்மைக்குக் காரணம் சுற்றம் என்று அவர் நூற்பா செய்யவில்லை. தம் வீட்டையும் தம் ஊரையும் காட்டி நிறுத்திக்கொண்டார். பொதுவுண்மை படிப்போர் உள்ளத்தில் தானே விளைகிறது.

188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி பிள்ளைகளைப் பற்றித் தன் கருத்தைச் சொல்கிறான். செல்வம் எவ்வளவு இருந்தாலும் பிள்ளையில்லா வாழ்வு பயனற்றது என்பது அக்கருத்து. இக்காலத்தார் அதனை முழுதும் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆயினும் குறுகக் குறுக நடந்து வந்து, உண்கலத்தில் கைவிட்டு, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை அப்பாட்டில் இருப்பதால், கருத்தை மறுப்பவரும் பாட்டை மறுப்பதில்லை. தன்கருத்துக் கட்டுரைக்குரிய முதல் இலக்கணத்தை இங்கே காணலாம். கருத்துக்கு நிற்க ஓர் இடம் வேண்டும். கண்ட பொருள் ஒன்றில் அது கால் ஊன்றியிருத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் வியப்பானது 243ஆம் பாட்டு. முதியவர் ஒருவர் தம் இளமையை நினைக்கிறார். மகளிரோடு கைகோத்து ஆடியதும், நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையில் நின்றோர் திகைக்க ஆழ்ந்த மடுவிற் குதித்ததும், அடிமணலை அள்ளிவந்து காட்டியதும் நினைவுக்கு வருகின்றன. இப்போது அவர் கையில் பூண் கட்டிய ஊன்றுகோல். இருமலுக்கிடையே சில சொற்கள். அவர் பெயர் யாது? தெரியாது. பாட்டில் வரும் கோலைக் குறிக்கும் தொடரையே பெயராக்கித் ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ என்று தொகுத்தோர் குறித்தனர். பெயர் மறைந்தது, குதித்த குளம் மறையவில்லை. அரசரைப் பாடாமலும் அறம் உரைக்காமலும் தம் நினைவொன்றையே சொன்ன ஒருவர்க்குச் சங்கத் தொகையில் இடம் கிடைத்தது என்பதைத் தமிழாசிரியர் மாணவர்க்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

உரைநடையின் வழி

மேலைநாட்டில் இவ்வகைக் கட்டுரைக்குத் தந்தை எனப்படுபவர் பிரெஞ்சுக்காரராகிய மொந்தேன். அவர் நூலின் முதற்பகுதிகள் 1580இல் வெளிவந்தன. மூன்றாம் பகுதி 1588இல் வந்தது. அரசியலும் சாவும் நட்பும் பேசிய அவர், முள்ளங்கி தமக்கு முதலில் ஒத்துக்கொண்டது, பிறகு ஒவ்வாமற்போயிற்று, பின்னர் மீண்டும் ஒத்துக்கொண்டது என்பதையும் வெட்கமின்றி எழுதினார். ஆங்கிலத்தில் சார்லசு இலாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் 33 ஆண்டு கணக்கெழுதிய எழுத்தர். ‘எலியா’ என்னும் புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரைகள் 1823இல் நூலாயின. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று வறுத்த பன்றிக்கறியின் சுவை பற்றியது. கணக்கெழுதிக் களைத்த கை எழுதிய அவ்வேடு இன்றும் படிக்கப்படுகிறது. தோட்டத்துக் கிராணிமார் பலர் அவரினும் குறைந்த தொழில் செய்தவர் அல்லர். குறைந்த சுவையுடையவரும் அல்லர்.

தமிழில் இத்துறைக்கு வழி திறந்தவர் பலருள் பாரதியார் முன்னிற்கிறார். 1915ஆம் ஆண்டு முதலாகச் ‘சுதேசமித்திர’னில் அவர் எழுதிய ‘தராசு’ என்னும் தொடரில், பேசுவது ஒரு தராசு. பல ஊராரும் பல தொழிலோரும் கடைக்கு வந்து கேள்விகளை வைக்கின்றனர். தராசு நிறுத்து விடை சொல்கிறது. பெரிய செய்தியும் சிறிய செய்தியும் ஒரே தட்டில் ஏறுகின்றன. இதில் இரண்டு நன்மை விளைந்தன. ஆசிரியர் தம் கருத்தை ஒளிக்காமலே தம்மை முன்னே தள்ளிக்கொள்ளாதிருக்க முடிந்தது. கேட்க வந்தவன் வாயிலாக மாற்றுக் கருத்துக்கும் இடம் கிடைத்தது. உரையாடல் வடிவம் இங்கு அணிகலன் அன்று, நடுவுநிலைக்குரிய கருவி.

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ‘ஆனந்த விகட’னில் வெளிவந்தது. அதில் 1880ஆம் ஆண்டில் சேலம் இராமசாமி முதலியாரைக் குடந்தையில் கண்டு பேசிய பகுதியைத் தன்கருத்துக் கட்டுரைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று தாம் கற்றவற்றையெல்லாம் இளைய புலவர் பெருமிதத்தோடு அடுக்குகிறார். முதலியார் அவற்றைப் பெரிதாகக் கொள்ளாமல் பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று கேட்கிறார். சீவக சிந்தாமணியின் பெயர் எழுகிறது. தம் கல்வியில் பெருங்குறை உண்டு என்று உணர்ந்த நாளை ஐயர் மறைக்கவில்லை, சிறப்பாகவே எழுதிவைத்தார். 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்ததற்கு வித்து அவ்வுரையாடல். தன்கருத்துக் கட்டுரையின் இரண்டாம் இலக்கணம் இது: கருத்து மாறிய இடத்தைக் காட்டும் துணிவு. மாறாத கருத்தை மட்டும் எழுதுபவர் பறைசாற்றுகிறார். மாறிய கருத்தையும் எழுதுபவரே படிப்போரோடு பேசுகிறார்.

இவ்வளவைகொண்டு பார்த்தால் மு. வரதராசனாரின் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ ஆகிய கடித நூல்களின் நிறையும் குறையும் விளங்கும். தெளிந்த நடைக்கு அவை சிறந்த பயிற்சி. பல தலைமுறைத் தமிழாசிரியர் அவற்றால் எழுதக் கற்றனர். கடிதம் என்பது தன்கருத்துக்கு மிக அணுக்கமான வடிவமும் ஆகும். ஆயின் அக்கடிதங்களில் கருத்து எழுதத் தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது. ஐயம் தோன்றி வளர்ந்து தெளியும் வழியைப் படிப்போர் காண்பது அரிது. நல்ல அறிவுரையாளர் ஒருவர் கிடைக்கிறார். உடன் நடக்கும் தோழர் கிடைப்பதில்லை. பள்ளிக்கூடக் கட்டுரை மு.வ.வின் அறிவுரையை எடுத்துக்கொண்டு, அவர் நடையின் எளிமையை விட்டுவிட்டது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

சுவை தீர்ப்பாகும்போது

தன் சுவையைப் பேசுவதில் இடர் ஒன்று உண்டு. அதற்குச் சான்றாக ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரையே காட்டவேண்டியிருக்கிறது. கவிதையை வாய்விட்டுப் பாடி, சொல்லின் தாளத்தை உணர்ந்து நுகரவேண்டும் என்பதைத் தமிழ்நாட்டுக்கு அவரைப்போல் உணர்த்தியவர் சிலரே. திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டி, உரையாசிரியர் துணையின்றியும் பாட்டை நெருங்கலாம் என்னும் துணிவைப் பலர்க்கு அளித்தது. ‘இதய ஒலி’க் கட்டுரைகளில் ஒரு நல்ல தோழர் பேசுகிறார்.

ஆயினும் அதே சுவை கம்பராமாயணத்தின்பால் சென்றபோது, தமக்கு இனிக்காத பாடல் கம்பருடையதாகாது என்னும் முடிவாக மாறியது. பாடல்கள் விலக்கப்பட்டன, சொற்கள் திருத்தப்பட்டன. ஏட்டுச் சான்றைக் கேட்ட புலவர்க்கு உள்ளத்தின் சான்றே விடையாகத் தரப்பட்டது. ‘எனக்கு இது இனிக்கிறது’ என்பது மறுக்கவொண்ணாத கூற்று. ‘எனக்கு இனிக்காதது பொய்’ என்பது மறுத்தே ஆகவேண்டிய கூற்று. இரண்டும் ஒரே நாவிலிருந்து, ஒரே அன்பிலிருந்து பிறந்தன என்பதால் வேறுபாடு மறைந்துவிடாது. எனவே மூன்றாம் இலக்கணம் ஒன்றும் வேண்டப்படுகிறது. சுவை சான்றாக நிற்கலாம். தீர்ப்பாளனாக இருக்கையில் ஏறிவிடலாகாது.

மலேசிய ஏடுகளில்

மலேசியாவில் தமிழ் எழுத்து நாளிதழ்களின் மடியில் வளர்ந்தது. 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றது. அவ்விதழ் 1950, 1951ஆம் ஆண்டுகளில் நடத்திய கதை வகுப்பைச் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் முன்னின்று நடத்தினர். தோட்டத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கதையெழுதப் பழகினர். அதனை அடுத்து, எழுதுவதோடு நுகர்வதையும் கற்பிக்கும் ரசனை வகுப்பும் ஐம்பதுகளில் நடந்தது. அதே பத்தாண்டில் கு. அழகிரிசாமி ‘தமிழ் நேச’னில் ஆசிரியப் பணி புரிந்து, எழுதுவோரைக் கூட்டி வைத்துப் பேசினார். சுவையும் பயிற்சிக்குரியது, நாளிதழே அதற்கு வகுப்பறையாகலாம் என்று எண்ணிய காலம் அது. அவ்வெண்ணத்தைப் பெருமையோடு நினைவுகூர்தல் தகும்.

அதனால் பெருகியது சிறுகதை. சிறுகதைக்குப் போட்டியும் பரிசும் தொகுதியும் ஆய்வும் வந்தன. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை வெளியிட்ட ‘பேரவைக் கதைகள்’ போன்ற தொகுதிகள் அதற்கு வரலாற்றை அமைத்துக் கொடுத்தன. ஞாயிறு மலர்களில் வெளிவந்த சிறு கட்டுரைகளுக்கும் வாசகர் கடிதங்களுக்கும் அத்தகைய கவனம் கிட்டவில்லை. அவை அன்றைக்கே படித்து, மறுநாள் பலகாரம் மடித்துக் கொடுக்கப் பயன்பட்ட தாள்கள். ஓர் இதழ் நிற்கும்போது அதன் கதைகளுள் சிலவேனும் நூல்களில் தங்குகின்றன; கருத்துகள் தங்குவதில்லை. எந்தப் படப்பாட்டுத் தோட்டத்தாரைக் கவர்ந்தது, திருவிழாவில் எந்தக் கூத்து அலுத்தது, பால்மரக் காட்டைவிட்டு நகரம் போனவனைப் பற்றி லயத்தில் இருந்தவன் என்ன நினைத்தான் என்பவற்றை அறியக் கதையாசிரியரின் கற்பனையையே நம்பவேண்டியதாகிறது. கதைமாந்தர் எல்லாரும் துயருறுவோராகவோ போராடுவோராகவோ இருப்பர். இளநீரில் எது இனிது என்று வழக்காடியவர் கதையுள் நுழையமாட்டார். துன்பத்தை மட்டுமே பதிந்துவைத்த வரலாறு, துன்புற்றவரை முழு மனிதராகக் காட்டத் தவறிவிடுகிறது.

பள்ளியில் ‘நான்’

இவ்விடத்தில் பள்ளிக் கட்டுரைக்கு மீளலாம். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் கட்டுரை வகைகள் ஒழுங்காகப் பிரித்துக் கற்பிக்கப்படுகின்றன. கருத்து விளக்கக் கட்டுரை, வாதக் கட்டுரை, கற்பனைக் கட்டுரை, தன்கதை என்பன அவற்றுள் சில. இப்பாகுபாடு பயனுடையதே. ஆயினும் ‘நான்’ என்னும் சொல் இவற்றுள் எங்கே வருகிறது என்று நோக்குவோர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது.

தன்கதையில் ‘நான்’ வருகிறது. ஆனால் அங்கே ‘நான்’ ஒரு பேனா, ஒரு காலணி, ஒரு மிதிவண்டி. தொழிற்சாலையில் பிறந்து, கடையில் கண்ணாடிப் பேழையுள் மின்னி, ஒரு சிறுவன் கையில் மகிழ்ந்து, இறுதியில் குப்பைத்தொட்டியில் கிடந்து கண்ணீர் விடும் பொருள் அது. கற்பனைக் கட்டுரையிலும் ‘நான்’ வருகிறது. ஆனால் அங்கே ‘நான்’ ஒரு மருத்துவன் அல்லது பிரதமன். இன்னும் ஆகாத ஒருவன். வாதக் கட்டுரையிலோ ‘நான்’ மறைந்து, பொதுவாக யாவரும் ஒப்பும் காரணங்கள் மட்டும் நிற்கின்றன. பொருளாகவும் வருங்கால மனிதனாகவும் பேச இசைவு பெற்ற பிள்ளை, பாகான் டத்தோவில் இன்று இருக்கும் பத்து வயதுப் பிள்ளையாகப் பேச மட்டும் இசைவு பெறவில்லை.

பாரதியாரின் தராசும் உயிரில்லாப் பொருள்தானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் தராசு நிறுத்தது பாரதியார் உண்மையாகவே கொண்டிருந்த கருத்தை. குப்பைத்தொட்டியில் அழும் பேனாவுக்குக் கருத்தே இல்லை. விதி மட்டும் உண்டு. முன்னது முகத்திரை, திரைக்குப் பின் முகம் இருந்தது. பின்னது முகமில்லாத் திரை.

மறுப்பும் விடையும்

இதற்குத் தமிழாசிரியர் கூறத்தக்க மறுப்புகள் இரண்டு. சொந்தக் கருத்தை எழுதவிட்டால் மொழி சீர்கெடும், பேச்சுவழக்கும் மலாய்ச் சொல்லும் புகுந்துவிடும் என்பது ஒன்று. தேர்வு இதனை மதிப்பிடாது என்பது மற்றொன்று.

முதல் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. தமிழ் பேசும் நேரம் சுருங்கிவரும் நாட்டில் மரபு வழுவாத மொழிப்பயிற்சி உயிர்நாடி. ஆயினும் சொல்லவேண்டிய ஒன்று உள்ளவனே சொல்லைத் தேடுகிறான். நெற்றின் மட்டையைக் குத்தி உரிக்க நட்டுவைத்திருக்கும் இரும்புக் கூரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டு ஆசிரியரிடம் வரும் பிள்ளை, ‘கண்ணும் கருத்துமாக’ என்னும் மரபுத்தொடரை நூறாம் முறை எழுதும் பிள்ளையினும் அன்றைக்கு அதிகத் தமிழ் கற்கிறான். அப்பெயர் ஆசிரியர்க்குத் தெரியாதிருந்தால் அவரும் பாட்டியிடம் கேட்டறிவார். பள்ளிக்கும் தோட்டத்துக்கும் இடையே ஒரு சொல் போய்வரும். மொழி காக்கப்படுவது அவ்வழியாலும்தான்.

இரண்டாம் மறுப்பு முன்னளவு வலிமை உடையதன்று. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வுக்கென்று வார்த்த அச்சு உடைந்த பின்னும் அதே வார்ப்பில் கட்டுரைகள் வருமாயின், குற்றம் தேர்வின்மேல் மட்டும் இருந்ததில்லை என்றாகிறது. வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு பக்கம், ‘எனக்கு இது பிடிக்கும், ஏனெனில்...’ என்று எழுதச் செய்வதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ‘ஏனெனில்’ என்பதற்குப் பின் கண்ணாற் கண்ட ஒரு பொருள் வருதல் வேண்டும். இரண்டு திங்கள் கழித்து அதே பக்கத்தை எடுத்து, இன்றும் அது பிடிக்கிறதா, மாறியிருந்தால் எதனால் மாறியது என்று தொடரச் செய்யலாம். அடுத்த இருக்கைப் பிள்ளைக்கு அது பிடிக்காதது குற்றமன்று என்பதையும் உடன் கற்பிக்கலாம். மேலே கண்ட மூன்று இலக்கணங்களும் இவ்வொரு பயிற்சியில் அடங்கும்.

பிசிராந்தையார்க்கு நரையைப் பற்றிக் கேட்க யாரோ இருந்தார்கள். அதனால் ஒரு பாட்டு கிடைத்தது. தொடித்தலை விழுத்தண்டினார் இருமலுக்கிடையே சொன்னதைக் கேட்டுவைக்கவும் யாரோ இருந்தார்கள்; அதனால் பெயரிழந்தும் அவர் வாழ்கிறார். பாகான் டத்தோவின் தென்னந்தோட்டங்களில் நாள் முழுதும் காய் உரித்து, மாலையில் ஒட்டுக்கடையில் அமர்ந்து, உலகத்து நடப்பையெல்லாம் தம் தராசில் நிறுத்துப் பேசியவர்களும் முதியவராயினர். அவர்கள் குதித்த குளம் எது, எந்தக் காய் இனித்தது, எந்தக் கருத்து எந்நாளில் மாறிற்று என்று கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது. கேட்கவேண்டியவன் அவ்வூர்ப் பள்ளியில் ‘நான் ஒரு மிதிவண்டி’ என்று எழுதிக்கொண்டிருக்கிறான்.